பாதி ஆண்டில் வேலை போனதா? பிடித்த வருமான வரியைத் திரும்ப வாங்கும் வழி

ஏப்ரலில் கம்பெனி உங்கள் சம்பளத்தில் வரி பிடிக்கத் தொடங்கும்போது, நீங்கள் பன்னிரண்டு மாதமும் அங்கேயே வேலை பார்ப்பீர்கள் என்ற கணக்கில்தான் பிடிக்கிறது. நடுவில் வேலை போனால் அந்தக் கணக்கே தப்பாகிவிடும். ஆனால் பிடித்த பணம் ஏற்கெனவே அரசுக்குப் போயிருக்கும். ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) போட்டுக் கேட்டால்தான் திரும்ப வரும், தானாக வராது. சென்னை ஓஎம்ஆரில் நான் வேலை பார்த்த இடத்தில் ஆட்குறைப்பு நடந்தபோது எங்கள் டீமில் பாதிப் பேருக்கு இது தெரியாது. வேலையே இல்லை, எதற்கு ரிட்டர்ன் என்று இருந்துவிட்டார்கள். நானும் ஆளாளுக்குக் கேட்டு, அலைந்து, வருமான வரித் துறையின் இணையதளமான போர்ட்டலில் மல்லுக்கட்டித்தான் கற்றுக்கொண்டேன். அதை வரிசையாக எழுதுகிறேன்.

கீழே உள்ள தொகைகளும் தேதிகளும் 2025-26 நிதியாண்டுக்கானவை. அதாவது 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை வாங்கிய சம்பளத்துக்கு.

1. உங்களுக்குப் பணம் வருமா என்று முதலில் பாருங்கள்

மாதச் சம்பளம் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 18 லட்சம். நிலையான கழிவு 75,000 போனால் 17,25,000. புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10, பிறகு 15, பிறகு 20 என்று போகும். கூட்டினால் 1,45,000, அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4 சதவீதம். மொத்தம் 1,50,800. இதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் சுமார் 12,567 ரூபாய் பிடிப்பார்கள்.

செப்டம்பர் கடைசியில் வேலை போகிறது. ஆறு மாதத்தில் பிடித்தது 75,400. ஆனால் அந்த ஆண்டில் உங்கள் கைக்கு வந்த சம்பளம் 9 லட்சம்தான். கழிவு போக 8,25,000. புதிய முறையில் 12 லட்சம் வரை 87ஏ பிரிவின்படி வரித் தள்ளுபடி உண்டு என்பதால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ஆக, 75,400 ரூபாயும் உங்கள் பணம்.

உங்கள் சம்பளத்தைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். சம்பளம் மட்டுமே வருமானம் என்றால், ஆண்டு முழுவதும் வாங்கியது 12,75,000-க்குள் இருந்தால் பிடித்தது அத்தனையும் திரும்ப வரும். அதைத் தாண்டினாலும் ஒரு பகுதியாவது வர வாய்ப்பு உண்டு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் நிதியாண்டு முடியாமல் இந்தப் பணத்தைக் கேட்க வழியில்லை. அக்டோபரில் வேலை போனால் அடுத்த ஜூன், ஜூலை வரை பொறுத்திருக்க வேண்டும். வீட்டு வாடகைக்கும் இஎம்ஐக்கும் இதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

2. ஆபீஸ் மெயில் மூடுவதற்கு முன்

வேலை போகும் நாளில் லேப்டாப்பையும் வாங்கிக்கொண்டு மெயிலையும் மூடிவிடுவார்கள். சில இடங்களில் மீட்டிங் முடிந்து சீட்டுக்குத் திரும்புவதற்குள் லாகின் போய்விடும். அதனால் ஆட்குறைப்புப் பேச்சு அடிபடத் தொடங்கியதுமே இவற்றைச் சொந்த மெயிலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்:

அந்த ஆண்டின் எல்லாச் சம்பளச் சீட்டுகளும், முந்தைய ஆண்டுகளின் ஃபார்ம் 16 (சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டிக் கம்பெனி தரும் சான்றிதழ்), வேலை உத்தரவு, பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்.

எச்ஆரிடம் சொந்த மெயில் முகவரியையும் கைபேசி எண்ணையும் எழுத்தில் கொடுங்கள். அடுத்த ஜூனில் ஃபார்ம் 16 அங்கேதான் வர வேண்டும். மூடிப்போன ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பிவிட்டு, "அனுப்பிட்டோமே" என்பார்கள்.

அப்புறம், வருமான வரி போர்ட்டலில் உங்கள் கணக்கு எந்த மெயிலில், எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஆபீஸ் மெயிலோ கம்பெனி கொடுத்த சிம்மோ அங்கே இருந்தால் உடனே மாற்றுங்கள். ஓடிபி வராமல் நிற்பது இதனால்தான்.

3. செட்டில்மென்ட் தாளை வரி வரியாகப் படியுங்கள்

ரீஃபண்டுக்கு அலைவதைவிட, பணம் பிடிபடாமலே பார்த்துக்கொள்வது லாபம். அதற்கான கடைசி வாய்ப்பு, வெளியேறும்போது கம்பெனி போடும் கடைசிக் கணக்கான இந்தச் செட்டில்மென்ட்தான்.

நோட்டீஸ் காலச் சம்பளம், வேலை நீக்கத்துக்குக் கொடுக்கும் தொகை எல்லாம் பொதுவாகச் சம்பளமாகவே கணக்கில் வரும், வரிக்கு உட்பட்டவை. மேலே சொன்ன உதாரணத்தில் இரண்டு மாதத் தொகையாக 3 லட்சம் கொடுத்தாலும் மொத்தம் 12 லட்சம்தான். கழிவு போக 11,25,000. அப்போதும் வரி பூஜ்யம். ஆனால் பேரோல் ஆட்கள் பழைய கணக்கிலேயே அந்த 3 லட்சத்திலும் வரி பிடித்து அனுப்பிவிடுவது உண்டு. செட்டில்மென்ட் போடுவதற்கு முன்பே, "இந்த நிறுவனத்தில் இந்த ஆண்டு நான் உண்மையில் வாங்கியதை வைத்து வரியைத் திரும்பக் கணக்கிடுங்கள்" என்று மெயில் போடுங்கள். ஏற்கெனவே அரசுக்குக் கட்டியதை அவர்களால் திருப்பித் தர முடியாது. இனிப் பிடிக்காமல் இருக்க முடியும்.

லீவு என்கேஷ்மென்டையும் பாருங்கள். தனியார் ஊழியர் வேலையை விட்டு வெளியேறும்போது கிடைக்கும் விடுப்புப் பணத்துக்கு, வாழ்நாள் மொத்தத்தில் 25 லட்சம் என்ற உச்சவரம்புக்குள், சில கணக்கு விதிகளோடு வரிவிலக்கு உண்டு. ராஜினாமா செய்தாலும் பொருந்தும். புதிய வரி முறையிலும் உண்டு. பல கம்பெனிகள் இதைக் கண்டுகொள்ளாமல் முழுத் தொகையையும் சம்பளத்தில் சேர்த்துவிடுகின்றன. ஐந்து ஆண்டு முடித்துக் கிடைக்கும் கிராஜுவிட்டிக்கும் 20 லட்சம் வரை விலக்கு இருக்கிறது.

4. பிஎஃப் பணத்தில் கை வைக்கும் முன்

கையில் காசில்லாதபோது முதலில் கண்ணில் படுவது பிஎஃப்தான். தொடர்ச்சியாக ஐந்து ஆண்டு சர்வீஸ் முடியாமல் கணக்கை முடித்து எடுத்தால் கம்பெனியின் பங்குக்கும் வட்டிக்கும் வரி வரும். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் எடுத்தால் பான் இருந்தாலும் 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் இணைக்கவில்லை என்றால் 20 சதவீதம். முந்தைய கம்பெனியின் பிஎஃப்பை இங்கே மாற்றியிருந்தால் அந்தச் சர்வீஸும் ஐந்து ஆண்டில் சேரும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: உடல்நலக் குறைவாலோ, கம்பெனி தொழிலைச் சுருக்கியதாலோ மூடியதாலோ, ஊழியரின் கையை மீறிய வேறு காரணத்தாலோ வேலை போயிருந்தால், ஐந்து ஆண்டு முடியாவிட்டாலும் அந்தப் பணத்துக்கு வரி இல்லை. அதனால் வேலை நீக்கக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். "நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள், ரெக்கார்டுக்கு நல்லது" என்று எச்ஆர் தேனாகப் பேசும்போது இதையும் மனதில் வைத்து முடிவெடுங்கள். கடிதத்தில் ராஜினாமா என்று இருந்தால் பிறகு இந்த விலக்கைக் கேட்பது சிரமம்.

5. அதே ஆண்டில் புது வேலை கிடைத்தால்

இது சந்தோஷமான சிக்கல். ஜனவரியில் அதே ஒன்றரை லட்சம் சம்பளத்தில் வேறு வேலை கிடைக்கிறது. மூன்று மாதத்துக்கு 4,50,000. புது கம்பெனிக்குப் பழைய சம்பளம் தெரியாது. இந்த ஆண்டு நாலரை லட்சம்தானே என்று வரியே பிடிக்காது. ஆனால் இரண்டையும் சேர்த்தால் 13,50,000. கழிவு போக 12,75,000. வரி 71,250, செஸ் சேர்த்து 74,100. பழைய இடத்தில் பிடித்தது 75,400. ஆக ரீஃபண்ட் 1,300 ரூபாய்தான்!

பழைய சம்பளத்தைக் காட்டாமல் விட்டால் 75,400 முழுவதும் வருமே என்று தோன்றும். இரண்டு கம்பெனிகள் கொடுத்ததும் துறையின் கணக்கில் உங்கள் பான் எண்ணின் கீழ் வரிசையாக நிற்கும், தப்பவே முடியாது. புது வேலையில் சேர்ந்ததும் ஃபார்ம் 12பி-யில் பழைய சம்பளத்தையும் பிடித்த வரியையும் எழுதிக் கொடுத்துவிடுவதே நல்லது. ரிட்டர்ன் போடும்போது 75,000 கழிவை ஒரே ஒருமுறைதான் எடுக்க வேண்டும். இரண்டு ஃபார்ம் 16-லும் அது தனித்தனியாக இருக்கும், பலர் சறுக்குவது அங்கேதான்.

6. ஜூன் பாதியில் காகிதங்களைச் சேருங்கள்

ஏப்ரலிலேயே ரிட்டர்ன் போட அவசரப்படாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான டிடிஎஸ் (பிடித்த வரி) விவரத்தை நிறுவனங்களும் வங்கிகளும் தாக்கல் செய்ய மே 31 வரை நேரம் உண்டு. ஃபார்ம் 16 கொடுக்கக் கடைசி நாள் ஜூன் 15. அதற்குப் பிறகுதான் படம் தெளிவாகும்.

உங்களுக்கு வேண்டியவை மூன்று: ஃபார்ம் 16, உங்கள் பெயரில் பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் ஃபார்ம் 26ஏஎஸ், ஏஐஎஸ் என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கை. பின்னிரண்டும் போர்ட்டலிலேயே கிடைக்கும், காசு இல்லை. 26ஏஎஸ் கோப்பின் பாஸ்வேர்டு பிறந்த தேதி, எட்டு இலக்கத்தில். ஏஐஎஸ்ஸுக்குப் பான் எண் சின்ன எழுத்தில், அதோடு பிறந்த தேதி.

இந்த மூன்றில் உயிர்நாடி 26ஏஎஸ்தான். திறந்ததும் உங்கள் கம்பெனியின் பெயர், அதன் டான் எண் (வரி பிடிப்பவருக்கான அடையாள எண்), கீழே மாதவாரியாக வரிசைகள் இருக்கும். எப்போது சம்பளம் கொடுத்தார்கள், எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு கட்டினார்கள் என்று ஒவ்வொரு வரிசையிலும் காட்டும். ஒரு பத்தியில் ஒற்றை எழுத்து இருக்கும். 'எஃப்' என்றால் பணம் போய்ச் சேர்ந்து கணக்கு பொருந்திவிட்டது. 'யு' என்றால் கம்பெனி சொன்ன தொகைக்குச் செலுத்திய பணம் பொருந்தவில்லை. சம்பளச் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்து மாதம் மாதமாக ஒத்துப் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்த தொகை 26ஏஎஸ்ஸில் இல்லையென்றால், பிடித்தார்கள், கட்டவில்லை, அல்லது கட்டிவிட்டு உங்கள் பான் எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் அவர்கள்தான் திருத்த முடியும்.

கம்பெனியே மூடிவிட்டது, போன் எடுக்க ஆளில்லை என்றால்? சம்பளத்தில் பிடித்த வரியைக் கம்பெனி கட்டாமல் விட்டாலும், அந்த வரியை உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இது உங்கள் மேல் வரும் டிமாண்டைத் தடுக்கும் கவசம் மட்டுமே. அரசுக்குப் போய்ச் சேராத பணத்தை ரீஃபண்டாக வாங்குவது மிகக் கடினம். சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மென்ட் இரண்டையும் இணைத்துக் கம்பெனிக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள், டிடிஎஸ் பிரிவுக்கும் புகார் கொடுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் நல்ல ஆடிட்டரைப் பிடியுங்கள் என்பேன்.

ஃபார்ம் 16 வரவில்லை என்பதற்காக ரிட்டர்னை நிறுத்தி வைக்க வேண்டாம். 26ஏஎஸ்ஸும் சம்பளச் சீட்டுகளும் இருந்தால் போதும்.

7. வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா?

ரீஃபண்ட் நின்றுபோவதற்குப் பெரிய காரணம் வரிக் கணக்கு அல்ல, வங்கிக் கணக்கு. சம்பளக் கணக்கில் சில மாதம் சம்பளம் வராவிட்டால் வங்கி அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம் பிடிக்கும். எரிச்சலில் கணக்கை மூடியிருப்பீர்கள். போர்ட்டலில் அந்தக் கணக்குதான் இன்னும் இருக்கும்.

போர்ட்டலில் உள்ளே போய், உங்கள் ப்ரொஃபைலில் வங்கிக் கணக்குப் பகுதியைத் திறந்து, நடப்பில் உள்ள ஒரு கணக்கைச் சேர்த்து 'வேலிடேட்' செய்யுங்கள். அந்தக் கணக்கில் பான் இணைந்திருக்க வேண்டும், பெயர் பானில் உள்ளபடி இருக்க வேண்டும். நம் ஊரில் இனிஷியல்தான் வம்பு. பான் கார்டில் அப்பா பெயரை விரித்து எழுதியிருக்கும், வங்கியில் ஒற்றை எழுத்தாக இருக்கும், வேலிடேஷன் தோற்றுவிடும். வங்கிக் கிளைக்குப் போய்ப் பான் நகல் கொடுத்துப் பெயரைத் திருத்தச் சொல்லுங்கள். இதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

பானும் ஆதாரும் இணைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். பான் செயலிழந்து கிடந்தால் ரீஃபண்டும் வராது, அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது.

8. ரிட்டர்ன் போடுவது

மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று தேர்ந்தெடுங்கள். 2025-26 நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டுதான் மதிப்பீட்டு ஆண்டு. புதிதாகப் போடுபவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

சம்பளம், வங்கி வட்டி, ஒரு வீடு, இவ்வளவுதான் என்றால் ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவம் போதும். வேலையில்லாத மாதங்களில் செலவுக்காகப் பங்குகளையோ மியூச்சுவல் ஃபண்டையோ விற்றிருந்தால் நிலைமை மாறும். குறுகிய கால லாபம் இருந்தால் ஐடிஆர்-2. கவனிக்க: 12 லட்சம் வரை வரி இல்லை என்ற தள்ளுபடி இந்தப் பங்கு லாபத்துக்குப் புதிய முறையில் கிடையாது. 50,000 ரூபாய் குறுகிய கால லாபம் என்றால் 20 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 10,400 ரூபாய் ரீஃபண்டில் குறையும். வேலை தேடும்போது இரண்டு ஃப்ரீலான்ஸ் வேலை செய்து காசு வாங்கியிருந்தால் ஐடிஆர்-1 ஆகாது. ஐடிஆர்-4 அல்லது 3. எஃப்&ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) கை வைத்தவர்களுக்கு ஐடிஆர்-3. அவர்கள் ஆடிட்டரிடம் போய்விடுங்கள்.

போர்ட்டல் பெரும்பாலான தொகைகளைத் தானே நிரப்பி வைத்திருக்கும். அப்படியே 'கன்ஃபார்ம்' அழுத்திக்கொண்டே போகாமல் ஃபார்ம் 16-ஓடு ஒப்பிடுங்கள். பழைய வரி முறையா புதியதா என்று ஒரு கேள்வி வரும். வீட்டு வாடகைக் கழிவு, 80சி பிரிவின் சேமிப்புக் கழிவு எல்லாம் பெரிதாக இருந்தால் இரண்டையும் போட்டுப் பாருங்கள். வருமானம் பாதியாகிவிட்ட ஆண்டில் பெரும்பாலும் புதியதுதான் ஜெயிக்கும். சேமிப்புக் கணக்கு வட்டியைச் சில நூறு ரூபாய் என்று விட்டுவிடாதீர்கள், அதுவும் ஏஐஎஸ்ஸில் இருக்கிறது. 'டாக்ஸ் பெய்ட்' பகுதியில் கம்பெனியின் டான் எண்ணும் தொகையும் 26ஏஎஸ்ஸில் உள்ளபடியே இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் ரீஃபண்ட் தொகை தெரியும். நீங்கள் தாளில் போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

சொந்தமாகப் போட்டால் செலவு பூஜ்யம். கமிஷன் அடிப்படையில், "ரீஃபண்டில் பத்து சதவீதம் கொடுங்க, அதிகமா வாங்கித் தர்றேன்" என்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். இல்லாத நன்கொடை, இல்லாத மருத்துவக் காப்பீடு என்று எழுதித்தான் அவர்கள் அதிகம் காட்டுகிறார்கள். இப்படிப்பட்ட பொய்க் கழிவுகளைப் பிடிக்க 2025 ஜூலையில் நாடு முழுக்கச் சோதனை நடந்தது. மாட்டினால் ஏய்த்த வரியில் 200 சதவீதம் வரை அபராதம், அதுவும் உங்கள் பெயரில். அவர் எண்ணை மாற்றிவிட்டுப் போய்விடுவார்.

ஐடிஆர்-1, ஐடிஆர்-2 போடுபவர்களுக்குக் கடைசி நாள் 2026 ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை போடலாம். ஆனால் மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு மேல் என்றால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம், அதற்குக் கீழே என்றால் 1,000. தாமதமாகப் போடும்போது பழைய வரி முறையையும் தேர்ந்தெடுக்க முடியாது.

9. வெரிஃபை செய்தபிறகுதான் அது ரிட்டர்ன்

சப்மிட் ஆனதும் வேலை முடிந்ததாக நினைத்து எழுந்துவிடுகிறார்கள். 30 நாளுக்குள் வெரிஃபை செய்ய வேண்டும், ஆதார் ஓடிபி இருந்தால் ஒரு நிமிட வேலை. ஆதாரில் கைபேசி எண் இல்லாதவர்கள் நெட் பேங்கிங் வழியாகச் செய்யலாம், அல்லது கையெழுத்திட்ட ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளைப் பெங்களூரில் உள்ள வரித் துறை மையமான சிபிசிக்குத் தபாலில் அனுப்பலாம். செய்யாவிட்டால் ரிட்டர்ன் போடாததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பிறகு நான்கைந்து வாரம் என்பது பொதுவான கணக்கு. சிலருக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். 143(1) பிரிவின்படி ஒரு அறிவிப்பு மெயிலில் வரும். நோட்டீஸ் என்று பயப்படாதீர்கள், நீங்கள் போட்ட கணக்கும் துறையின் கணக்கும் இரண்டு பத்தியில் பக்கம் பக்கமாக இருக்கும் தாள்தான் அது. இரண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதி.

இந்த நாட்களில் "உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த லிங்கை அழுத்துங்கள்" என்று எஸ்எம்எஸ் வரும். அத்தனையும் மோசடி. நிலவரத்தைப் போர்ட்டலுக்குள் போய் மட்டுமே பாருங்கள்.

10. பணம் வராமல் நின்றால்

'ரீஃபண்ட் ஃபெயில்ட்' என்று இருந்தால் வங்கிக் கணக்குக் கோளாறு. கணக்கைச் சரிசெய்து, போர்ட்டலில் 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' கோரிக்கை கொடுங்கள். பழைய ஆண்டு பாக்கி இருக்கிறது, அதில் கழிக்கப் போகிறோம் என்று 245ஆம் பிரிவில் கடிதம் வந்தால், 21 நாளுக்குள் ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று பதில் போட வேண்டும். பேசாமல் இருந்தால் கழித்துவிடுவார்கள். ஒன்றுமே நகரவில்லையென்றால் போர்ட்டலில் 'கிரீவன்ஸ்' பகுதியில் புகார் பதியுங்கள். சென்னையில் இருப்பவர்கள் நுங்கம்பாக்கம் உத்தமர் காந்தி சாலை வருமான வரி அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம், பான் நகலும் ரிட்டர்ன் ஒப்புகையும் கையில் இருக்கட்டும்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு முன் வேலை போய், அப்போது ரிட்டர்னே போடாமல் விட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. தாமதத்தை மன்னிக்கக் கோரி 119(2)(பி) பிரிவின்கீழ் மனு கொடுக்கலாம். அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், தாமதத்துக்கு உண்மையான காரணமும் ஆதாரமும் வேண்டும். இதற்கு ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கூடுதல் வரி கட்டுவதற்கு மட்டும்தான், ரீஃபண்ட் கேட்க முடியாது.

வட்டி விஷயம் ஒன்று பாக்கி. ஜூலை 31-க்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் ஏப்ரல் 1 முதல் மாதம் அரை சதவீதம் வட்டி சேர்த்துத் தருவார்கள். 75,400 ரூபாய் ஆகஸ்டில் வந்தால் ஐந்து மாதத்துக்கு 1,885 ரூபாய். இந்த வட்டிக்கு வரி உண்டு. அடுத்த ஆண்டு ரிட்டர்னில் இதர வருமானத்தில் காட்டுங்கள். ரீஃபண்ட் அசலைக் காட்ட வேண்டியதில்லை.